சக்கரத்தில் ஒட்டியிருந்த மீன் செதில்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ரயில் பாதை வளையும் ஓரிடத்தில், பழைய மரக்கட்டைகள் பதித்த மேடை ஒன்று உண்டு. ட்ராலி இறக்கும் இடம் என்று அதற்குப் பெயர். இரண்டாம் பாதைக்கு அளக்க வந்த என்ஜினியர் பிள்ளைகள், இத்தனை அகலமாக, இத்தனை நல்ல கட்டை போட்டு, இதை இங்கே எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாதை வேலை பார்க்கும் கேங்கில் இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. செல்லையனைக் கேளுங்கள் என்று என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். எழுதி வையுங்கள் என்றார்கள்.

நான் ஏழாம் வகுப்பு. எனக்கு எழுதுவதைவிட ஜல்லி தள்ளுவது சுலபம். ஆனாலும் எழுதுகிறேன். அந்த மேடை ட்ராலிக்காகக் கட்டியதல்ல. என்ஜின் சக்கரத்துக்காகக் கட்டியது.

வேலைக்கு வந்த கதையில் ஒன்றுமில்லை. காரோடு ஊரில் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்தேன். பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். கடப்பாரை பிடிக்கவும் கட்டை மாற்றவும் படித்தேன். கேஷுவல் ஆள். கேஷுவல் என்றால் வேலை உண்டு, போஸ்ட் இல்லை. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தால் முதலில் குறைவது கேஷுவல். என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெர்மனென்ட் ஆனார்கள், இல்லையென்றால் கல்ஃபுக்குப் போனார்கள். நான் இரண்டும் ஆகவில்லை. என் மனைவி தங்கம் பாலராமபுரத்து நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். அதில் பாதி வீடு ஓடியது.

இனிச் சக்கரம்.

என்ஜின் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு இறங்கி நிற்கும். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடிப்பது அதுதான். நேர்ப்பாதையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள்கன்னத்தை உரசிக்கொண்டே போகும். உரச உரச மெலியும். ரொம்ப மெலிந்தால் என்ஜின் ஷெட்டில் லேத்தில் போட்டுக் கடைவார்கள். விளிம்பைத் தடிக்க வைக்க, சக்கரத்தின் மற்ற இடத்தைச் சீவ வேண்டும். நோஞ்சான் பிள்ளையைத் தடியாகக் காட்ட வீட்டில் மற்றவர்களைப் பட்டினி போடுகிற மாதிரி. சில தடவை கடைந்தால் சக்கரம் தீர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பாதையில் ஓடும் டீசல் என்ஜின்களுக்கு விளிம்பு சீக்கிரமாக மெலிகிறது என்று பேச்சு வந்தது. உங்கள் வளைவு எங்கள் சக்கரத்தைத் தின்கிறது என்றது ஷெட். உங்கள் சக்கரம் எங்கள் தண்டவாளத்தைத் தின்கிறது என்றது பாதைப் பிரிவு. இரண்டும் உண்மை. இரண்டு பேரும் உட்கார்ந்து டீயும் பழம்பொரியும் சாப்பிட்டு முடிவெடுத்தார்கள். வளைவில் தண்டவாளத்தின் கன்னத்தில் கிரீஸ் பூசுவது. பூசுவதற்கு ஓர் ஆள். கை கறுக்கும், துணி கெடும், தனியாக நடக்க வேண்டும். பெர்மனென்ட் ஆள்கள் எல்லாருக்கும் அன்று இடுப்பு வலித்தது.

எங்கள் பாதை இன்ஸ்பெக்டர் சுகுமாரன் சார் பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே அளவில் பேசுவார், இரண்டையும் மெதுவாக. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையாவது திட்ட வேண்டுமானால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரத்தைப் பார்த்துத் தப்பு எவ்வளவு பெரியது என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். அவருக்கு ஒரே ஒரு வேதம். பாதையின் வரைபடம். அதில் இருப்பதுதான் உண்டு. அதில் இல்லாதது இல்லை. ஒருமுறை பாதையோரம் நின்ற பலாமரம் சாய்ந்து தந்திக் கம்பி அறுந்தது. போய்ச் சொன்னோம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே மரம் இல்லையே" என்றார். மரம் அப்போது தண்டவாளத்தின் மேல் கிடந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டார்.

"செல்லையா, கிரீஸ் நீதான் போடணும்."

"சரி சார்."

"ஷெட்காரங்க சக்கரத்தை அளந்து பார்ப்பாங்க. நல்லா இருக்குன்னு சொன்னா இந்த வேலைக்கு ஒரு போஸ்ட் கேட்டு எழுதுவேன். உன் பேரில்."

"கெட்டுதுண்ணு சொன்னா சார்?"

"கெட்டுதுன்னா கிரீஸ் வேலை கிடையாது. வேலை இல்லேன்னா நீ எதுக்கு?"

கடுமையாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். வீட்டில் வந்து தங்கத்திடம் சொன்னேன். "ஆக மொத்தம் நமக்க சோறு அந்த விளிம்புலயாக்கும்" என்றாள்.

வேலை இப்படி. ஸ்டேஷனில் வண்டி நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொடி இரண்டும் இடுப்பில் செருகியிருக்க வேண்டும். கன்னத்தைச் சாக்குத்துணியால் துடைக்க வேண்டும். பழைய கிரீசில் தூசி பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைக்க வேண்டும். பிறகு பூச்சு. பூசுவதற்குப் பிரஷ் கேட்டு எழுதியிருந்தது. அது வரும்வரை தென்னை மட்டையைத் தட்டையாகச் சீவி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும்வரை பிரஷ் வரவில்லை.

கிரீஸ் கறுப்பு. பென்சில் ஊசியை அரைத்துக் கலந்த மாதிரி மினுங்கும். கன்னத்தில்தான் பூச வேண்டும், தண்டவாளத்தின் தலையில் படக் கூடாது. தலையில் பட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். டிரைவர் மணல் விடுவார். என்ஜினில் மணல்பெட்டி உண்டு, குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் விழும். மணலும் கிரீசும் கலந்தால் அது கிரீஸ் அல்ல, சாணைக்கல். சக்கரத்தைக் காப்பாற்றப் போட்டதே சக்கரத்தை அரைக்கும்.

முதல் நாள் சுகுமாரன் சார் சட்டைக் கையை மடித்துத் தன் விரலாலேயே பூசிக் காட்டினார்.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்லை. குழந்தைக்கு மை இடுற மாதிரி."

அப்படியே இட்டேன். பல மாதம் இட்டேன். என்ஜின்கள் கண் மை போட்டுக்கொண்டு போயின.

பிறகு ஷெட்டில் அளந்தார்கள். விளிம்பு முன்பைவிடச் சீக்கிரமாக மெலிந்திருந்தது.

பேச்சு மறுபடி தொடங்கியது. செல்லையன் தலையில் பூசுகிறான், அதனால் வழுக்குகிறது, அதனால் மணல் விடுகிறோம் என்றார்கள் டிரைவர்கள். தண்டவாளத்தில் ஓரிடத்தில் மணல் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். டிரைவர் விட்டது என்று துடைத்துவிட்டுப் பூசினேன். டிரைவர்களும் பார்த்திருக்கிறார்கள். பாதைக்காரன் போட்டது என்று விட்டுவிட்டார்கள். சுகுமாரன் சார் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இந்த மாசக் கடைசி வரை பார்க்கலாம்" என்றார்.

கேஷுவல் ஆளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். காரோட்டில் மரச்சீனி விளை இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது.

அடுத்த வாரம் ஷெட் ஃபோர்மேன் நேரில் வந்தார். கொல்லத்துக்காரர். சுகுமாரன் சாருக்கு நேர் எதிர். எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வார், நல்ல விஷயத்தையும். கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். எங்கள் எல்லாரையும் வளைவுக்கு வரச் சொல்லி, பாதையோரத்தில் அதைப் பிரித்தார். சக்கர விளிம்பிலிருந்து சுரண்டிய கிரீஸ்.

"எடோ சுகுமாரா, உன்றெ ஆள் சக்கரத்துக்கு கிரீஸ் இடுதா, சட்னி அரைக்குதா?"

சுகுமாரன் சார் குனிந்து பார்த்தார். கிரீசுக்குள் மணல்.

"மணல் உங்க என்ஜின் விடுறது" என்றார்.

"எங்கட மணல் ஆத்து மணல். அரிச்சு, வெயிலில் உணக்கி, பெட்டியில் இடுதது. இதில் சிப்பி கிடக்குது. என்ஜினுக்கு யாரெங்கிலும் சிப்பி இடுமா? இது கடல் மணல். இன்னும் நோக்கு."

ஒரு குச்சியால் கிளறினார். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒன்று மினுங்கியது. சுகுமாரன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். அவர் சைவம். முகம் மாறியது.

"மீன் செதில்" என்றார் எங்கள் கேங் மேஸ்திரி. "சாளையாக்கும்."

மத்தி மீனைத்தான் எங்கள் பக்கம் சாளை என்போம். என்ஜின் சக்கரத்தில் சாளை எப்படி ஏறியது என்று எல்லாரும் யோசித்தோம். யோசித்து முடிப்பதற்குள் பதில் தலையில் பாத்திரத்தோடு வந்தது.

அந்த வளைவில் ஓர் ஒற்றையடிப்பாதை தண்டவாளத்தைக் கடக்கும். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி அதன் வழியாகச் சந்தைக்குப் போவார்கள். கேட் இருக்கும் இடம் தூரம். சுற்றிப் போனால் மீன் வெயிலில் செத்ததற்குமேல் சாகும். மீனில் கடல்மணலைப் புரட்டிக் கொண்டுவருவது அங்கத்து வழக்கம். மணல் இருந்தால் மீன் கையில் வழுக்காது, வாடாது என்பார்கள். நான் பூசிவிட்டு வளைவின் மறுகோடிக்குப் போனபிறகுதான் அவர்கள் வருகிற நேரம். அதனால் கடப்பதை நான் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். முன்னால் ரோசம்மா அக்கா, எங்கள் தெருவிலும் மீன் விற்பவள். பின்னால் வரிசையாக மற்றவர்கள், எல்லாரும் வெறுங்கால். ரோசம்மா அக்கா தண்டவாளத்துக்குக் கிட்ட வந்ததும், தலையில் இருந்த பாத்திரத்துக்குள் ஒரு கையை விட்டு மணலை அள்ளி, திருநீறு போடுகிற மாதிரி தண்டவாளத்தின் மேல் போட்டாள். மேலே கால் வைத்தாள். கடந்தாள். அடுத்த தண்டவாளத்துக்கும் அப்படியே. எங்கள் எல்லார் முன்னாலும். ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஃபோர்மேன் கையை நீட்டி மறித்தார்.

"நில்லு. எந்தினா மண்ணு இடுதது?"

"நிண்ணா மீன் நாறிப்போவும் சாறே. கேக்க உள்ளத சட்டுண்ணு கேளும்."

"தண்டவாளத்தில் மண்ணு இடக் கூடாது."

"இடாம பின்ன? இந்தா நிக்கியானே செல்லையன், தெனமும் காலத்த வந்து எண்ணெ தேச்சு வச்சிட்டுப் போறான். எங்க சூசன்னா வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு கெடக்கா. ரெண்டு பிள்ளையள வச்சிட்டு. எலே செல்லையா, தண்டவாளத்துக்கு என்னலே வாதமா? தைலம் போட்டுத் தடவுற?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாசக் கடைசி வர நாள் அதிகம் இல்லை.

"சக்கரம் தேயாம இருக்கதுக்கு அக்கா" என்றேன்.

"சக்கரம் தேஞ்சா வேற போடுவினும். சூசன்னாக்க கைக்கு வேற போடுவினுமா?"

ஃபோர்மேன் சுகுமாரன் சார் பக்கம் திரும்பினார். இங்கே வேலி போடு, வழியை அடை என்றார். வேலி போட்டால் என் வேலை பிழைக்கும். சந்தைக்குச் சுற்றிப் போய் இவர்கள் மீன் கெடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுகுமாரன் சார் வரைபடத்தை விரித்தார். பார்த்தார்.

"இங்கே வழி இல்லை" என்றார்.

"வழியில்லண்ணா நான் எப்பிடி சாறே இஞ்ச நிக்கியேன்?" என்றாள் ரோசம்மா அக்கா.

"வரைபடத்தில் இல்லை. இல்லாத வழியை அடைக்க என்னால் வேலி கேட்க முடியாது. என்ன காரணம்னு எழுதுவேன்?"

"அப்போள் நல்ல வழி ஒண்ணு கெட்டிக்கொடு. கல்லும் கட்டையும் சமமாயிட்டு கிடந்தா, இவங்க தண்டவாளத்தில் கால் சவிட்டாம தாண்டிப் போகும்" என்றார் ஃபோர்மேன்.

"இல்லாத வழிக்கு எப்படிக் கட்டை போடுறது?"

அடைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. ரோசம்மா அக்கா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பேசி முடிச்சிட்டுச் சொல்லியனுப்புங்க. நான் போய் மீனக் குடுத்திட்டு வாறேன்" என்று நடந்துவிட்டாள். மற்றவர்களும் கடந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கை மணல் போட்டாள்.

அவர்கள் போனபிறகு சுகுமாரன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மேஸ்திரியைக் கேட்டார்.

"வளைவில் ட்ராலியில் வரும்போது எதிரே வண்டி வந்தா தூரத்திலேருந்து தெரியுமா?"

"தெரியாது சார். மரம் மறைக்கும்."

"ட்ராலியை எங்கே இறக்குறது?"

"இது வரைக்கும் இறக்குனதில்ல சார்."

"ஏன் இல்லை?" என்றார், எங்கள் குற்றம் போல. "இங்கே ட்ராலி இறக்க ஓர் இடம் அவசியம். பாதுகாப்பு விஷயம்."

ட்ராலி என்றால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டு வரும் தள்ளுவண்டி. வண்டி வந்தால் ஆட்கள் அதைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். அதற்கு ஆங்காங்கே சமமான இடம் இருக்கும். இங்கே ஒன்று வேண்டும் என்று அவர் எழுதியது பொய் அல்ல. ஆனால் எத்தனையோ வருஷம் அந்த வளைவில் ட்ராலியில் போய்வந்தவருக்கு அன்றுதான் அது தோன்றியது. ஃபோர்மேன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அவர் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

கான்கிரீட் கட்டை போட்டபோது கழித்த பழைய மரக்கட்டைகள் கிடந்தன. இரு தண்டவாளத்துக்கும் நடுவிலும் வெளியிலும் தண்டவாளத்துக்குச் சமமாகப் பதித்தோம். சக்கர விளிம்பு போக மட்டும் இடைவெளி விட்டோம். ட்ராலி இறக்க இத்தனை அகலம் வேண்டாம். பாத்திரத்தோடு இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு அகலம் சுகுமாரன் சார் கோடு போட்டார். வேலை முடிந்ததும் ஒரு பலகை நட்டார். ட்ராலி இறக்கும் இடம், பொதுமக்கள் நடக்கக் கூடாது. மறுநாளிலிருந்து பெண்கள் சந்தையிலிருந்து திரும்பும்போது அந்தப் பலகையில் சும்மாட்டுத் துணியைக் காயப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள்.

மணல் போடுவது நின்றது. நிறுத்தச் சொல்லி ரோசம்மா அக்காவிடம் பேசப் போனேன்.

"வழுக்கலேண்ணா என்னத்துக்கு மக்கா மண்ணு போடணும்? எனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

இடம் கட்டியாயிற்று. கட்டிய இடத்தைப் பயன்படுத்த வேண்டுமே. சுகுமாரன் சார் ட்ராலியில் வரும்போதெல்லாம் அங்கே நிறுத்துவார். குடையோடு இறங்குவார். ஆட்கள் ட்ராலியைத் தூக்கி மேடையில் வைப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் வளைவைப் பார்ப்பார். வண்டி ஒன்றும் வராது. ட்ராலியைத் திரும்பத் தூக்கித் தண்டவாளத்தில் வைப்பார்கள். அதுவரை மீன்காரப் பெண்கள் தலைச்சுமையோடு காத்து நிற்பார்கள்.

"எலே செல்லையா, சாறு எதுக்கு இஞ்ச வந்து இத எறக்கி எறக்கி ஏத்துறாரு? மாதாவுக்கு நேர்ச்சையா?"

"ஆமாக்கா" என்றேன்.

அடுத்தமுறை அளந்தபோது விளிம்பு நன்றாக இருந்தது. ஃபோர்மேன் ஸ்டேஷனுக்கே வந்து, பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். சக்கரம் லேத்துக்கு வருவது குறைந்துவிட்டது என்று ஷெட் எழுதியது. கிரீசினால் என்று எழுதியது. கட்டையைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் வழியைப் பற்றி எழுத வேண்டும். வழி இல்லை. பாதைப் பிரிவுக்கும் ஷெட்டுக்கும் பாராட்டு வந்தது. ரோசம்மா அக்காவுக்கு வரவில்லை. சூசன்னாவின் கை கோணலாகக் கூடியது. பிறகு அவள் தலைக்கு ஏற்ற முடியாமல் இடது தோளில்தான் பாத்திரம் வைத்தாள்.

சுகுமாரன் சார் சொன்னபடி எனக்குப் போஸ்ட் கேட்டு எழுதினார். மேலே போனது. வரவில்லை. மறுபடி எழுதினார். கிரீஸ் பூசிக்கொண்டே காத்திருந்தேன்.

அதற்குள் உலகம் மாறியது. என்ஜினிலேயே ஒரு சின்ன எண்ணெய்ப் பெட்டியும் குழாயும் வைத்தார்கள். ஓட ஓட அதுவே சக்கர விளிம்புக்கு எண்ணெய் தெளித்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. விளிம்பு இன்னும் நாள் பிடித்தது. இனி வளைவில் கையால் கிரீஸ் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மண்ணெண்ணெயும் சாக்குத்துணியும் தந்து, பூசியதை எல்லாம் துடைத்தெடுக்கச் சொன்னார்கள். போட்டவன்தானே எடுக்க வேண்டும். வளைவின் ஒரு கோடியில் தொடங்கினேன். மறுகோடி வந்தால் என் வேலையும் முடியும். இவ்வளவு மெதுவாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்தார்.

மேடைக்குக் கிட்டத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ட்ராலி வந்தது. நின்றது. ட்ராலியைத் தூக்கி வைத்தார்கள். சுகுமாரன் சார் குடையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"செல்லையா, போஸ்ட் வந்திருக்கு. வளைவில் கிரீஸ் போட நிரந்தரமா ஓர் ஆள். உன் பேர்."

நான் எழுந்து நின்றேன். கையில் கிரீஸ் துடைத்த துணி.

"கிரீஸ் போடக் கூடாதுண்ணுதானே சார் உத்தரவு?"

"அது வேற உத்தரவு. இது வேற உத்தரவு. ரெண்டும் செல்லும்."

"அப்பம் நான் என்ன செய்யணும் சார்?"

கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை சீக்கிரமாக மாட்டிக்கொண்டார்.

"கிரீஸ் போடாம பார்த்துக்கோ. மத்த நேரம் கேங்கோடு நில்லு."

அதுவரை எனக்கு வேலை இருந்தது, போஸ்ட் இல்லை. அன்றிலிருந்து போஸ்ட் இருந்தது. ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரில்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு துளி கிரீஸ் தொடவில்லை. என் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை.

ரோசம்மா அக்காவுக்குச் செய்தி எப்படிப் போனதோ, அன்று சந்தையிலிருந்து திரும்பும்போது விற்காமல் மிச்சம் வைத்த சாளையைத் தேக்கிலையில் பொதிந்து என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை.

"பெர்மனென்ட் ஆயிட்டியாமே. பிள்ளையளுக்கு வச்சுக் குடு. ஒரு பொடி மண்ணு இல்லாத மீனாக்கும். மாதாவாணெ."

தங்கம் அதைக் கிணற்றடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு வைத்தாள். நல்ல குழம்பு. முதல் துண்டைக் கடித்தேன். பல்லில் மணல் நறநறத்தது.

அடுத்த துண்டையும் எடுத்துத் தின்றேன். தங்கமும் அப்படியே.